பூனைப்பாதம்: ஆண் பாயும் பெண் பாயும்

மே மாதக் கடைசியில் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம், கிளேர் மாவட்டத்துப் பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியில் குனிந்து பார்த்தால், குட்டைப் புல்லுக்கு நடுவே வெள்ளியும் பச்சையுமாக ஒரு சின்னப் பாய் விரிந்திருக்கும். உள்ளங்கை அகலத்தில் தொடங்கி ஒரு முறம் அகலம் வரை இருக்கும். அதிலிருந்து விரல் நீளத் தண்டுகள் நிமிர்ந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் நாலைந்து பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். விரலால் தடவினால் பூனைக்குட்டியின் பாதம் போல மெத்தென்று இருக்கும். அந்தப் பாயில் எல்லாப் பூவும் வெள்ளை. இரண்டு முழம் தள்ளி இன்னொரு பாய். அதில் எல்லாப் பூவும் இளஞ்சிவப்பு. இரண்டும் வேறு வேறு செடி என்றுதான் முதலில் தோன்றும். இனம் ஒன்றுதான். ஒன்று ஆண், மற்றது பெண்.

இதன் அறிவியல் பெயர் ஆன்டெனாரியா டயோயிகா. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. ஐரோப்பாவின் வடக்கிலும் மலைப்பகுதிகளிலும், அங்கிருந்து சைபீரியா வழியாகக் கிழக்கே அலாஸ்காவின் அலூசியன் தீவுகள் வரையிலும் வளர்கிறது. இது வளரும் ஊர்க்காரர்கள் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஜெர்மனில் காட்ஸென்ஃபோட்ஷென், ஸ்வீடிஷில் கட்ஃபூட், ஃபின்னிஷில் கிஸ்ஸன்காபாலா, ரஷ்யனில் கஷாச்யா லாப்கா, பிரெஞ்சில் பியே த ஷா. எல்லாவற்றுக்கும் பொருள் பூனையின் பாதம். தமிழில் இதற்கு வழக்குப் பெயர் இல்லை. இந்தக் கட்டுரையில் பூனைப்பாதம் என்றே சொல்வோம். நம் ஊர்ப் பூனைக்காலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அவரைக் குடும்பத்துக் கொடி. அதன் காய்ச் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும்.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு நஃபாலியம் டயோயிகம் என்று பெயரிட்டார். ஜெர்மன் தாவரவியலாளர் ஜோசப் கேர்ட்னர் 1791இல் ஆன்டெனாரியா என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். இன்றைய பெயரின் முதல் பாதி பூச்சிகளின் உணர்கொம்பைக் குறிக்கிறது. காரணம் சற்று நேரத்தில் வரும். இரண்டாம் பாதிக்கு இரண்டு வீடு என்று பொருள். நம் பாடநூல்களில் வரும் ஈரில்லத் தாவரம் என்ற சொல் இதே கருத்துதான்: ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ வேறொரு செடியில். பனையிலும் பப்பாளியிலும் இதை நாம் நன்றாக அறிவோம். எத்தனை வருடம் காத்திருந்தாலும் ஆண் பனையில் நுங்கு கிடைக்காது. சூரியகாந்திக் குடும்பத்தில் இந்தப் பிரிவினை அரிது. லின்னேயஸ் அதைப் பெயரிலேயே பதித்து வைத்தார்.

நாம் பூ என்று நினைப்பது

சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்கசாமந்தி, கரிசலாங்கண்ணி, வயல் வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே ஒரே குடும்பம். இவற்றில் ஒற்றைப் பூ என்று நாம் பறிப்பது உண்மையில் ஒரு கூட்டம். ஒரு தட்டின் மேல் பல நுண்ணிய பூக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். இதற்குத் தலைமஞ்சரி என்று பெயர். சூரியகாந்தியில் நடுவட்டம் முழுக்கக் குழல் வடிவச் சிறுமலர்கள். ஓரத்தில் மஞ்சள் இதழ் போல நீண்டிருப்பது ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். தட்டின் அடியில் பச்சையாகச் சுற்றியிருப்பவை பூவடிச் செதில்கள்.

பூனைப்பாதத்தில் கதிர்ச் சிறுமலர்கள் கிடையாது. ஒரு தலை முழுவதும் குழல் வடிவச் சிறுமலர்கள்தான். அப்படியானால் வெள்ளை, இளஞ்சிவப்பு என்று கண்ணில் படும் நிறம் எங்கிருந்து வருகிறது? பூவடிச் செதில்களிலிருந்து. அவற்றின் நுனி காகிதம் போல உலர்ந்து, நிறமேறி, இதழ் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. செடி உயிரோடு நிற்கும்போதே அந்த நுனிகளில் நீர் இல்லை. வாடுவதற்கு அங்கே ஏதும் இல்லாததால்தான் பறித்து மாதக்கணக்கில் வைத்தாலும் பூ அப்படியே இருக்கிறது. நம் வாடாமல்லியும் இதே உத்தியில்தான் வாடாமல் இருக்கிறது, ஆனால் அது கீரைக் குடும்பம். இரண்டுக்கும் உறவு இல்லை. உண்மையான உறவுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிக்குப் போக வேண்டும். அங்கே வெண்பஞ்சு இலையும் காகிதச் செதிலும் கொண்ட அனாஃபாலிஸ் செடிகள் நிற்கின்றன. சூரியகாந்திக் குடும்பத்துக்குள் பூனைப்பாதம் இருக்கும் அதே உட்பிரிவு அது.

ஆணா பெண்ணா என்று பார்ப்பது

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஆண் பெரும்பாலும் வெள்ளை, பெண் பெரும்பாலும் இளஞ்சிவப்பு என்பது சரிதான். ஆனால் வெளிறிய பெண் பாய்களும், லேசாகச் சிவந்த ஆண் பாய்களும் உண்டு. வெயிலும் மழையும் பட்டுப் பழசான பூவில் நிறம் இன்னும் மோசமாக ஏமாற்றும்.

செதிலின் வடிவம் அதைவிட நம்பகமானது. ஆணில் செதில் நுனி அகலமாக, வட்டமாக, வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். தலை குட்டையாக, திறந்த கிண்ணம் போலத் தெரியும். பெண்ணில் செதில்கள் ஒடுங்கி, கூராகி, நிமிர்ந்து ஒட்டியிருக்கும். தலை நீளமாக, சின்னத் தூரிகை போலத் தெரியும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ஒரே ஒரு தலையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒரு சிறுமலரை ஊசி முனையால் எடுத்து, கறுப்புத் துணி மேல் வையுங்கள். வெள்ளைத் தாளில் வைத்தால் மயிர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆண் சிறுமலரில் குழல் நுனி அகன்று ஐந்து பல்லாகப் பிரிந்திருக்கும். உள்ளே மகரந்தப்பை தெரியும். அதைச் சுற்றிச் சில வெண்மயிர்கள் நிற்கும். இவைதான் பாப்பஸ். ஒவ்வொரு மயிரின் நுனியும் கதாயுதம் போலத் தடித்திருக்கும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பும் அப்படியே நுனி தடித்ததுதான். கேர்ட்னர் வைத்த பேரினப் பெயருக்குக் காரணம் இந்த மயிர். ஆண் சிறுமலரின் நடுவில் சூல்தண்டு போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது இருபால் பூ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது மகரந்தத்தை உள்ளிருந்து வெளியே தள்ளும் கோல் மட்டுமே; கீழே உள்ள சூலகம் விதை தராது.

பெண் சிறுமலர் வேறு மாதிரி. குழல் நூல் போல மெலிந்திருக்கும், மகரந்தப்பை இருக்காது, நுனியில் இரண்டாகப் பிளந்த சூல்முடி வெளியே எட்டிப் பார்க்கும். பாப்பஸ் மயிர்கள் ஆணில் இருப்பதைவிட அதிகமாக, பட்டு போல நேராக, நுனி தடிக்காமல் இருக்கும். விதை காற்றில் பறக்க உதவுவது இதுதான்.

ஒரு பாய் என்றால் ஒரு செடி

தரையோடு ஒட்டிய இலைக்கொத்துகளிலிருந்து ஓடுதண்டுகள் கிளம்பி, நாலு பக்கமும் படர்ந்து, ஆங்காங்கே வேர் பிடித்து, அங்கே புதிய இலைக்கொத்து முளைக்கும். வல்லாரை படரும் விதம் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இடையிலுள்ள தண்டு இற்றுப்போனாலும் புதுக்கொத்து தன் வேரில் வாழும். ஆக, ஒரு பாயில் நூறு இலைக்கொத்து இருந்தாலும் அவை எல்லாம் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடியின் துண்டுகளாக இருக்கலாம். ஒரே செடி என்றால் ஒரே பால். முறம் அகலப் பாயில் வெள்ளைப்பூ தவிர வேறு நிறம் வராததற்குக் காரணம் இதுதான்.

இந்தச் செடியைப் பற்றி முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. பச்சைப் பசேலென்ற பாய்கள் நிறைய இருந்தால் செடி அங்கே செழிப்பாக இருக்கிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பாய் தானாகவே பல வருடம் ஓடி ஓடிப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு மேட்டில் மிஞ்சியிருப்பது எல்லாமே பெண்ணாக இருந்தால் விதை விழாது. எல்லாமே ஆணாக இருந்தாலும் அப்படித்தான். விதை இல்லையென்றால் புதிய மரபுக் கலவை இல்லை, புதிய இடத்துக்குப் போக வழியில்லை. ஒரு வறட்சியோ நோயோ வந்தால் எல்லாம் சேர்ந்தே போகும். மகரந்தத்தைச் சுமப்பவை ஈக்கள், சிறு தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள். அவை பக்கத்துப் பூவுக்குத்தான் முதலில் போகும். ஆண் பாய் தூரத்தில் இருந்தால் பெண் பாய்க்குக் கிடைக்கும் மகரந்தம் குறையும், விதையும் குறையும். எண்ணிக்கையை எழுதும்போது ஆண் இத்தனை, பெண் இத்தனை, இரண்டுக்கும் நடுவே இத்தனை மீட்டர் என்று எழுதாத கணக்குக்கு இந்தச் செடி விஷயத்தில் பெரிய மதிப்பு இல்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஜூலையில் பெண் தலைகள் பிரிந்து, வெண்பஞ்சு வெளியே வந்து, காற்றில் பறக்கும். பஞ்சு பறக்கிறதே, விதை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தோன்றும். மகரந்தம் சேராத சிறுமலரிலும் பாப்பஸ் வளரும், பஞ்சும் பறக்கும். அடியில் தொங்குவது வெறும் உமி. சோதிப்பது எளிது. ஒரு தலையிலிருந்து இருபது பஞ்சுகளை எடுத்து, அடியிலுள்ள ஒரு மில்லிமீட்டர் நீள விதையை ஒவ்வொன்றாக இரண்டு நகங்களுக்கு இடையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். நெல்லில் பதர் பார்ப்பது போலத்தான். கெட்டியாக, பழுப்பாக, உருண்டையாக எதிர்த்து நின்றால் விதை. வெளிறி, தட்டையாக, அழுத்தியதும் மடங்கினால் பதர். இருபதில் ஒன்றிரண்டு மட்டுமே தேறினால், அருகில் ஆண் இருக்கிறதா என்று தேட வேண்டிய நேரம் அது.

இதற்கு விலக்கான உறவினரும் இந்தப் பேரினத்திலேயே உண்டு. ஸ்காண்டிநேவிய மலைகளில் வளரும் ஆன்டெனாரியா ஆல்பினாவில் ஆண் செடியைக் காண்பதே அபூர்வம். பெண்கள் மட்டும் இருந்தும் முளைக்கும் விதை உண்டாகிறது. ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த தாவரவியலாளர் ஹான்ஸ் ஆஸ்கர் யூயெல் 1898இலும் 1900இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஆல்பினாவின் விதை கருவுறாமலேயே உருவாகிறது என்பதை நுண்ணோக்கியில் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் பக்கத்தில் வைத்தது நம் பூனைப்பாதத்தைத்தான். அங்கே வழக்கமான கருவுறுதல் நடக்கிறது, ஆண் தேவை. வட அமெரிக்காவின் பல ஆன்டெனாரியா இனங்களிலும் கருவுறா விதை உண்டு. ஆகவே ஒரு இடத்தில் பெண் மட்டுமே நிற்கிறது என்றால், அது எந்த இனம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கவலைப்பட வேண்டுமா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஏழை மண்தான் இதற்குச் செல்வம்

இலை 1 முதல் 4 செ.மீ. நீளம், அடி ஒடுங்கி நுனி அகன்று கரண்டி போல இருக்கும். மேல்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் அடர்ந்த வெண்பஞ்சு. அந்தப் பஞ்சு இலைத்துளைகளின் மேல் காற்றைத் தேக்கி, நீர் வேகமாக ஆவியாகாமல் பிடித்து வைக்கிறது. பூந்தண்டு 5 முதல் 20 செ.மீ. குளிர்காலத்திலும் இலை உதிராமல் பனிக்கடியில் கிடக்கும்.

இலை முழுக்கத் தரையோடு கிடப்பதால் இதற்குப் பெரிய எதிரி நிழல். மண்ணில் சத்து குறைவாக, நீர் நிற்காமல் ஓடினால், உயரமான புல் அங்கே வளராது. பூனைப்பாதத்துக்கு வெயில் கிடைக்கும். மண் அமிலமா சுண்ணாம்பா என்பது பெரிய விஷயமில்லை. பின்லாந்தின் மணற்பாங்கான பைன் காட்டு அமில மண்ணிலும் வளர்கிறது, பர்ரனின் சுண்ணாம்பிலும் வளர்கிறது. இரண்டுக்கும் பொதுவானது வறுமையும் வடிகாலும்தான். இதே நிலத்தில் உரம் போட்டால் என்ன ஆகும்? பூனைப்பாதத்தை உரம் நேரடியாகக் கொல்லாது. புல் முழங்கால் உயரம் எழும், அதன் அடியில் இலைக்கொத்துகள் வெளிறி அழுகும். உரம் போடாத நிலத்துக்கும் இப்போது காற்றிலிருந்தே நைட்ரஜன் இறங்குகிறது: வாகனப் புகையிலிருந்தும், கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியாவிலிருந்தும். மேய்ச்சல் நின்றுபோன நிலத்தில் புதர் ஏறுகிறது. ஐரோப்பாவின் சமவெளிகளில் இந்தச் செடி வேகமாகக் குறைந்துவருவதற்கு இந்த மூன்றும் முக்கியக் காரணங்கள். மலைகளிலும் வட முனைக்கு நெருங்கிய பகுதிகளிலும் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

மேய்ச்சல் வேண்டும், ஆனால் எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மே, ஜூனில் ஆடு ஏறினால் பூந்தண்டுகளைக் கடித்துவிடும், விதை போச்சு. பர்ரன் விவசாயிகளின் பழைய வழக்கம் இதற்குப் பொருத்தமானது. மற்ற மலைநாடுகளில் கோடையில் மேலே ஓட்டி, குளிரில் கீழே இறக்குவார்கள். பர்ரனில் தலைகீழ். சுண்ணாம்புப் பாறை கோடை வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும், நீர் தேங்காமல் உலர்ந்து கிடக்கும். அதனால் மாடுகள் குளிர்காலம் முழுக்க மேட்டில் மேயும். வசந்தத்தில் இறக்கிவிடுவார்கள். காய்ந்த புல் தீர்ந்துவிடும், குளம்பு பட்டு மண் அங்கங்கே திறக்கும், பூக்கும் மாதங்களில் கடிக்க வாயில்லை. திறந்த மண் விதைக்கு மிகவும் வேண்டியது. அடர்ந்த பாசியின் மேலோ உலர்புல்லின் மேலோ விழுந்த விதை வேர் விடும் முன்பே காய்ந்துபோகும்.

எதனோடு குழம்பும்

பூ இருக்கும்போது குழப்பம் குறைவு. பூவில்லாத பாயைத்தான் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். முதல் குற்றவாளி எலிக்காது ஹாக்வீட் என்ற மஞ்சள் பூச்செடி. அதுவும் ஓடுதண்டு விட்டுப் படரும், அதன் இலைக்கும் அடிப்பக்கம் வெள்ளை. ஒரு இலையின் மேல்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நீண்ட விறைப்பான முடிகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே நின்றால் அது ஹாக்வீட். இலையைக் கிள்ளினால் வெண்பால் கசியும். பூனைப்பாதத்தில் பால் கிடையாது. இலை நுனி அகன்று, நடுவில் சின்னக் கூர்முனை இருக்கும்.

முத்து அனாஃபாலிஸ் என்ற வட அமெரிக்க உறவினருக்கும் வெண்காகிதப் பூதான், ஆனால் அது அரை மீட்டரைத் தாண்டி நிற்கும். கனடாவில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ப் புல்வெளியில் பார்ப்பது பெரும்பாலும் வேறு ஆன்டெனாரியா இனங்களாக இருக்கும். அங்கே கோடைத் தொடக்கத்தில் இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துத் தைத்தது போலக் கூடுகள் தெரிந்தால் மருந்தடிக்க வேண்டாம். அமெரிக்கன் லேடி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உள்ளே இருக்கின்றன. இலையை மொட்டையடித்துவிட்டுப் போகும். செடி ஓடுதண்டிலிருந்து மறுபடி தழைக்கும்.

வளர்க்க விரும்பினால்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முயல வேண்டாம். ஈரப்பதமும் இரவு வெப்பமும் சேர்ந்து ஒரே மாதத்தில் அழுகவைக்கும். குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கு இது மிக எளிய தோட்டச்செடி. உறைபனி இதற்கு ஒரு பொருட்டே அல்ல.

வாங்கும்போது ஒரு விஷயம். நாற்றங்காலில் பெயரிட்ட ரகமாக விற்பவை பெரும்பாலும் ஒரே தாய்ப்பாயைப் பிரித்து வளர்த்தவை. ரூப்ரா என்ற சிவப்பு ரகத்தில் பத்துத் தொட்டி வாங்கினால் அநேகமாக ஒரே பாலில் பத்துத் தொட்டி வாங்கியதாகத்தான் அர்த்தம். அழகுக்கு அது போதும். விதை வேண்டுமென்றால் விதையிலிருந்து வளர்த்த செடிகளைக் கேளுங்கள். இரண்டு பாலும் கலந்து வரும்.

மண் கலவை: கரடுமுரடான மணல் அல்லது பொடிக்கல் இரண்டு பங்கு, சத்துக் குறைந்த தோட்டமண் ஒரு பங்கு. தொட்டியில் மக்கு உரம் சேர்க்காதீர்கள். முழு வெயில் படும் இடத்தில் 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 16 செடி பிடிக்கும். இரண்டு வருடத்தில் மூடிவிடும். நட்ட முதல் கோடையில் மண் காய்ந்தபின் வாரம் ஒருமுறை நீர், பிறகு மழையே போதும். கொத்தின் கழுத்தைச் சுற்றி ஒரு விரற்கடை பொடிக்கல் பரப்பினால் இலை ஈரமண்ணில் படாது. களிமண்ணில் நட்டு, குளிர்கால மழையில் நடுப்பகுதி கறுத்து அழுகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. குளிர் கொன்றது என்று பலரும் நினைப்பார்கள். கொன்றது நின்ற நீர். அடுத்த தவறு தாராளமாக உரம் போடுவது: இலை பெரிதாகி, தளர்ந்து, பஞ்சு குறைந்து, பூ குறையும்.

விதைப்பதானால் இலையுதிர் காலத்தில் 9 செ.மீ. தொட்டியில் மேற்பரப்பில் தூவி, விதை மறையாத அளவுக்கு மெல்லிய மணல் தூவி, வெளியில் பனிக்கு விட்டுவிடுங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். வசந்தத்தில் முளைக்கும். முளை கடுகளவுதான் இருக்கும், முதல் கோடை முழுக்க நகக்கண் அளவைத் தாண்டாது. பொறுமை வேண்டும். மூன்று நாலு வருடத்தில் பாயின் நடு வெளுத்துப்போகும். அப்போது ஓரத்து இலைக்கொத்துகளை வேரோடு வெட்டி எடுத்து வசந்தத் தொடக்கத்திலோ செப்டம்பரிலோ மறுபடி நட்டால் போதும்.

காய்ந்த பூவாக வைக்க விரும்புபவர்கள் செதில்கள் விரியத் தொடங்கும்போதே வெட்டி, தலைகீழாக நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். பெண் பூவைத் தாமதமாக வெட்டினால் வீடெங்கும் பஞ்சு. காட்டிலிருந்து பறிக்கக் கூடாது. ஜெர்மனியில் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற செடி. பிரான்சில் நெஞ்சுச்சளிக்கான பழைய மூலிகைத் தேநீர்க் கலவையில் இதுவும் ஒரு பூ. ஆனால் நோய் தீர்க்கும் என்பதற்கு நல்ல மருத்துவ ஆதாரம் கிடையாது. ஜெர்மன் மூலிகைக் கடைகளில் மஞ்சள் பூனைப்பாதம் என்ற பெயரில் விற்பது வேறொரு செடியான மணல் ஹெலிக்ரைசம்.

ஒரு மேட்டைக் கணக்கெடுக்க

பூப்பு உச்சத்தில் இருக்கும் இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும். தாழ்ந்த நிலங்களில் மே கடைசி, மலையில் ஜூன். தாமதித்தால் கணக்கு கோணலாகும். ஆண் தண்டுகள் மகரந்தம் கொட்டியதும் வாடிச் சாய்ந்துவிடும், பெண் தண்டுகள் விதை முற்றும்போது இன்னும் நீண்டு நிற்கும். ஜூலையில் போனவர் கண்ணுக்குப் பெண்களே தெரிவார்கள்; ஆணே இல்லை என்று எழுதிவிட்டு வருவார்.

பத்துக்குப் பத்து மீட்டர் கட்டத்தைக் கயிற்றால் அடையாளம் செய்து, தனித்தனியாகத் தெரியும் ஒவ்வொரு பாயின் அருகிலும் ஒரு குச்சி நடுங்கள்: ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒன்று, பூக்காததற்கு ஒன்று. இலைக்கொத்துகளை எண்ணாதீர்கள், பாய்களை எண்ணுங்கள். அடுத்து ஒவ்வொரு பெண் பாயிலிருந்தும் மிக அருகிலுள்ள ஆண் பாய்க்கு நாடாவால் அளந்து எழுதுங்கள். பூக்காதவை பாதிக்கு மேல் இருந்தால் புல்லின் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அநேகமாக நிழல்தான் காரணமாக இருக்கும். ஜூலை நடுவில் அதே குச்சிகளுக்குத் திரும்பிப் போய், தூரத்தில் இருந்த பெண் பாயிலும் அருகில் இருந்த பெண் பாயிலும் தலைக்கு இருபது விதையாக நகத்தில் அழுத்திப் பாருங்கள்.

ஒரு பால் மட்டுமே மிச்சம் என்று தெரிந்தால், நில உரிமையாளரிடமும் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி பெற்று, மிக அருகிலுள்ள இயற்கைக் கூட்டத்திலிருந்து மறுபாலின் வேரோடிய இலைக்கொத்துகளைக் கொண்டுவரலாம். தோட்ட ரகத்தைக் கொண்டுபோய் நடக் கூடாது. ஒரே பாயிலிருந்து பத்து எடுப்பதைவிடப் பத்துப் பாயிலிருந்து ஒவ்வொன்று எடுப்பது நல்லது. செப்டம்பரில், புல்லைச் சுரண்டி ஒரு சாண் அகலம் மண் திறந்த குழிகளில், பெண் பாய்களுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் நட வேண்டும். சேர்த்து ஒட்டி நட்டால் இரண்டு பாய்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பிறகு எது எது என்று தெரியாமல் போகும்.